பட்ஜெட் ரொம்ப டைட், வீட்டுலயே கிறிஸ்துமஸ் எப்படி கொண்டாடறது? அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க

ரெண்டுகுட்டி_அம்மா எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போவேன், இப்பதான் முதல் தடவையா எழுதறேன். ஆகஸ்ட்ல என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனிய மூடிட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சு வேற வேலை கிடைச்சுது, ஆண்டவருக்கு நன்றி, ஆனா சம்பளம் முன்னாடி வாங்கினதுல பாதிக்கு கொஞ்சம் மேல தான். வாடகை ஸ்கூல் பீஸ் எல்லாம் போக கையில நிக்கறது ரொம்ப கம்மி.

போன வருஷம் வரைக்கும் கிறிஸ்துமஸ்னா எங்க வீட்டுல கணக்கே பாக்க மாட்டோம். பெரிய ட்ரீ, வீடு முழுக்க லைட்டு, எல்லாருக்கும் கிப்ட், கடையில ஆர்டர் பண்ணின கேக், 25 அன்னிக்கு வெளிய போய் சாப்பாடு. அதுல பாதி கிரெடிட் கார்டுல தேய்ச்சது, அத கட்டி முடிக்க மே மாசம் ஆயிடுச்சு. இந்த வருஷம் கார்டை தொடவே கூடாதுன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணிட்டோம், அதுல மாத்தம் இல்ல.

எனக்கு இப்ப கவலை பிள்ளைங்க தான். பெரியவளுக்கு 11 வயசு, அவளுக்கு ஓரளவு புரியுது, எதுவும் கேக்க மாட்டேங்கறா, அது தான் எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. சின்னவனுக்கு 6. அவன் நவம்பர்லயே கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு லெட்டர் எழுதி தலகாணிக்கு அடியில வெச்சிருக்கான், சைக்கிள் வேணுமாம், ப்ளூ கலர்ல. இதுல 25 அன்னிக்கு நாத்தனார் குடும்பம் 4 பேர் வராங்க, வருஷா வருஷம் வர்றவங்க, வராதீங்கன்னு சொல்லவும் மனசு வரல. அவங்களுக்கு எங்க நிலைமை முழுசா தெரியாது.

ட்ரீ, லைட்டு, ஸ்டார், சாப்பாடு, கிப்ட் இதுல எத விடறது எத வெச்சுக்கறது, செலவு கம்மியா இருந்தாலும் வீட்டுல பண்டிகைன்னு ஒரு நெறைவு இருக்கணும், பிள்ளைங்க மனசு வாடக்கூடாது. பசங்க கிட்ட நிலைமைய சொல்லலாமா வேணாமான்னும் குழப்பமா இருக்கு. வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

கடைசிபெஞ்ச்_அக்கா எழுதினது:

முதல்ல ஒண்ணு சொல்றேன்மா, கார்டை தொட மாட்டோம்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு எடுத்தீங்க பாருங்க, அதுலயே பெரிய வேலை முடிஞ்சுது. நிறைய வீட்டுல ஒருத்தர் முடிவெடுப்பாங்க, இன்னொருத்தர் 23-ம் தேதி மனசு கேக்காம போய் வாங்கிட்டு வந்துடுவாங்க.

பிள்ளைங்க கிட்ட சொல்லுங்க. கண்டிப்பா சொல்லுங்க. உங்க பொண்ணு எதுவும் கேக்கலன்னா அவளுக்கு தெரியலன்னு அர்த்தம் இல்ல, தெரிஞ்சு தான் வாயை மூடிட்டு இருக்கா, அந்த பாரத்த தனியா தூக்கிட்டு இருக்கா. எங்க வீட்டுல ஒரு வருஷம் இதே மாதிரி ஆச்சு. நாங்க மறைச்சோம். என் பையன் அப்ப 10 வயசு, ராத்திரி நாங்க ரூம்ல பேசறத கேட்டுட்டு ஒரு மாசம் அவனோட நோட்டுல கடைசி பக்கம் வரைக்கும் பொடிப்பொடியா எழுதியிருக்கான், புது நோட்டு கேக்க கூடாதுன்னு. அந்த நோட்ட பாத்த அன்னிக்கு நான் அழுத அழுகை எனக்கு தான் தெரியும். அதுக்கு அப்புறம் தான் எங்க பிள்ளைங்க மூணு பேரையும் உக்கார வெச்சு ஒரு பேப்பர்ல எழுதி காமிச்சோம், இவ்ளோ தான் இருக்கு, இதுல எல்லாரும் சேந்து எப்படி கொண்டாடலாம்னு நீங்களே சொல்லுங்கன்னு. அவங்க முகம் மாறிடுச்சு. ஏன்னா அதுவரைக்கும் அவங்களுக்கு என்னமோ பெருசா நடக்குதுன்னு பயம், பேப்பர்ல ஒரு நம்பரா பாத்ததும் பயம் போயிடுச்சு.

இப்ப செய்ய வேண்டியது. மொத்தம் எவ்ளோன்னு முடிவு பண்ணுங்க, அந்த காச பணமா எடுத்து 4 கவர்ல போடுங்க, சாப்பாடு, கிப்ட், அலங்காரம், அப்புறம் அடுத்தவங்களுக்கு குடுக்க. நான் பாதிய சாப்பாட்டுக்கு வெப்பேன், ஏன்னா வர்றவங்க வயிறு நெறைஞ்சு போனா தான் எனக்கு பண்டிகை. அலங்காரத்துக்கு ரொம்ப கொஞ்சம் போதும். கடைசி கவர கொஞ்சமா இருந்தாலும் விட்றாதீங்க, உங்க பொண்ணு கையில குடுத்து அவளையே முடிவு பண்ண சொல்லுங்க யாருக்கு குடுக்கலாம்னு. கவர் காலியானா அந்த ஐட்டத்துக்கு செலவு முடிஞ்சுது, அடுத்த கவர்ல கை வெக்கக்கூடாது.

ஸ்டாருக்கு கடைக்கு போகவே வேணாம். பேப்பர் பை இருக்குல்ல, சாமான் போட்டு தர்ற சின்ன சைஸ் பை, ஒரே அளவுல 8 எடுத்துக்கோங்க. பை இல்லன்னா எழுதாத பேப்பர ரெண்டு ஓரத்தையும் ஒட்டி குழல் மாதிரி ஆக்கி ஒரு பக்கம் மட்டும் மடிச்சு ஒட்டிடுங்க, அதுவும் பை தான். முதல் பைய தட்டையா வெச்சு, மூடின பக்கத்து ஓரமா ஒரு கோடு பசை, அங்கேருந்து நடுவுல மேல வரைக்கும் ஒரு கோடு பசை, தலைகீழா திருப்பின இங்கிலீஷ் T எழுத்து மாதிரி வரும். அது மேல அடுத்த பைய அதே பக்கமா வெச்சு அழுத்துங்க. இப்படியே எட்டும். ஒரு மணி நேரம் மேல புக்க அடுக்கி காய விடுங்க. காஞ்சதும் திறந்த பக்கத்த கூரா வெட்டுங்க, ரெண்டு சைடுலயும் சின்ன சின்ன முக்கோணம் வெட்டுங்க. இப்ப கடைசி பையில அதே மாதிரி பசை தடவி, விசிறிய விரிக்கற மாதிரி விரிச்சு முதல் பையோட கொண்டு போய் ஒட்டினா பெரிய நட்சத்திரம். விரிச்சு பாக்கும்போது வட்டம் முழுசா சேரலன்னா இன்னும் ஒண்ணு ரெண்டு பை சேருங்க, இழுத்து ஒட்டாதீங்க, கிழிஞ்சுடும். முதல் தடவை விரியும்போது பிள்ளைங்க முகத்த பாருங்க, அதுக்காகவாவது செய்யணும். எங்க வீட்டுல 9 வருஷமா இது தான் தொங்குது, வருஷா வருஷம் புதுசா செய்வோம்.

வயர்மேன்_66 எழுதினது:

அக்கா சொன்ன ஸ்டார் சூப்பர், ஆனா ஒரு விஷயம், பேப்பர் ஸ்டார் உள்ள பழைய குண்டு பல்பு போடாதீங்க, மெழுகுவத்தி வேணவே வேணாம். குண்டு பல்புல போற கரண்ட்ல முக்காவாசிக்கு மேல சூடா தான் வெளிய வருது, பேப்பர் காஞ்சு கருகும். எல்இடி மட்டும் போடுங்க.

சீரியல் லைட்டு பழசு வீட்டுல இருந்தா அதோட கணக்கையும் சொல்றேன். பழைய மாடல் 100 பல்பு சரம் ஒண்ணு 40 வாட் வரைக்கும் இழுக்கும். தினம் 6 மணி நேரம், 20 நாள் எரிஞ்சா 4.8 யூனிட். அதே 100 எல்இடி சரம் 5 வாட்னு வெச்சுக்கோங்க, அதே 20 நாளைக்கு 0.6 யூனிட். ஒரு சரத்துக்கு பெருசா தெரியாது, போன வருஷம் மாதிரி வீடு முழுக்க 8 சரம்னா 38 யூனிட்டுக்கு மேல போயிடும். அதனால இருக்கற சரத்துல நல்லதா ஒண்ணோ ரெண்டோ எடுத்து ஜன்னல்ல மட்டும் போடுங்க. ஜன்னல் கண்ணாடியில பிரதிபலிச்சு ஒண்ணு ரெண்டா தெரியும், உள்ளயும் அழகு வெளியயும் அழகு.

போடறதுக்கு முன்னாடி சரத்த தரையில நீளமா போட்டு வயர கையால உருவி பாருங்க, ப்ளக் புடுங்கிட்டு தான். எங்கயாவது கீறல் இருந்தா, எலி கடிச்சிருந்தா டேப் சுத்தி சமாளிக்காதீங்க, தூக்கி போட்ருங்க. ஒரே ப்ளக் பாயிண்ட்ல மல்டி பிளக் மேல மல்டி பிளக் சொருகாதீங்க. தூங்க போகும்போது ஆப் பண்ணிடுங்க. இதுல மட்டும் சிக்கனம் பாக்க வேணாம்.

குடில்_மாமா எழுதினது:

மகளே, நான் 40 வருஷமா வீட்டுல, இயேசு பிறந்த தொழுவத்த காட்டற குடில் கட்டறவன், எனக்கு ட்ரீய விட குடில் தான் கிறிஸ்துமஸ். ட்ரீ இல்லன்னா ஒண்ணும் குறைஞ்சு போகாது, குடில் ஒண்ணு வெச்சு பாருங்க, பிள்ளைங்க அத சுத்தியே இருப்பாங்க.

அசிசி பிரான்சிஸ்னு ஒரு புனிதர் 1223-ல இத்தாலியில கிரேச்சோன்னு ஒரு சின்ன ஊர்ல முதன்முதலா இந்த மாதிரி குடில் வெச்சார். அதுல பொம்மை கிடையாது. ஒரு தீவனத்தொட்டி, அதுல வைக்கோல், உசிரோட ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்ளோ தான். ஏழையா பிறந்த இயேசுவ ஜனங்க கண்ணால பாக்கணும்னு அவருக்கு ஆசை. காசு செலவழிச்சு ஜோடிக்கணும்னு யாரும் ஆரம்பிச்சு வெச்சதில்ல இது. உங்க வீட்டு நிலைமை இப்படி இருக்கேன்னு சங்கடப்படறீங்க, ஆனா இந்த திருநாளோட மையத்துல இருக்கற குடும்பமே கையில காசில்லாத குடும்பம் தான்மா. பைபிள்ல லூக்கா ரெண்டாம் அதிகாரத்த முழுசா வாசிச்சு பாருங்க. குழந்தைய கோயிலுக்கு கொண்டு போகும்போது மாதாவும் சூசையப்பரும் புறாவ தான் காணிக்கையா குடுக்கறாங்க. லேவியராகமம் 12-ம் அதிகாரம் என்ன சொல்லுதுன்னா, ஆட்டுக்குட்டி குடுக்கணும், அதுக்கு வசதி இல்லாதவங்க ரெண்டு புறா குடுக்கலாம்னு. அப்ப அவங்க எந்த வரிசையில நின்னாங்கன்னு பாருங்க. நான் இத என் பேரப்பிள்ளைங்களுக்கு சொல்லிட்டு அதுக்காகவே குடில்ல ரெண்டு புறா பேப்பர்ல மடிச்சு வைப்பேன்.

செய்யறது எப்படின்னா, ஒரு அட்டைப்பெட்டிய ஒரு பக்கம் திறந்த மாதிரி படுக்க வைங்க, அது தான் குகை. மாவு பசை காய்ச்சணும். ஒரு கப் மைதாவ பச்சத்தண்ணியில கட்டி இல்லாம கரைச்சுட்டு, நாலு கப் கொதிக்கற தண்ணியில ஊத்தி கிண்டிட்டே இருங்க, கண்ணாடி மாதிரி பளபளப்பு வந்ததும் இறக்கிடுங்க, ஒரு ஸ்பூன் உப்பு போட்டா சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது. நியூஸ்பேப்பர நல்லா கசக்கி, பிரிச்சு, மறுபடியும் கசக்கி, இப்படி நாலஞ்சு தடவை பண்ணினா துணி மாதிரி ஆயிடும். அத பசையில முக்கி பெட்டி மேல மடிப்பு மடிப்பா போடுங்க, மடிப்ப நீவி விட்றாதீங்க, அந்த மடிப்பு தான் காஞ்சதும் பாறையா தெரியும். ரெண்டு லேயர் போட்டு ரெண்டு நாள் வெயில்ல காய வைங்க. கலருக்கு கடும் டீ டிகாஷன பிரஷ்ல அடிங்க, சில இடத்துல ரெண்டு மூணு தடவை அடிச்சா இருட்டா வரும், பாறைக்கு ஏத்த கலர்.

புல்லுக்கு கோதுமைய ஒரு ராத்திரி ஊற வெச்சு பழைய தட்டுல ஈரத்துணி மேல பரப்பி 13, 14-ம் தேதி வாக்குல வெச்சா 24-க்குள்ள விரல் நீளத்துக்கு மேல பச்சைப்பசேல்னு நிக்கும். தண்ணி தெளிக்கற வேலைய சின்னவனுக்கு குடுங்க, வேற யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிடுங்க, அது அவன் வயல்.

சொரூபம், அதாவது மாதா சூசையப்பர் பொம்மைங்க, இல்லன்னா களிமண், இல்லன்னா மாவுல உப்பு சேத்து பிசைஞ்சு செய்யுங்க, மூக்கு கண்ணு எல்லாம் சரியா வரணும்னு இல்ல, தலைக்கு ஒரு துணித்துண்டு போத்தினாலே மாதா. தொட்டிய காலியா வைங்க. குழந்தை இயேசுவ 24 ராத்திரி தான் வெக்கணும். குழந்தை இயேசுவ பாக்க வந்த மூணு ராஜாக்கள வீட்டோட இன்னொரு கோடியில வெச்சு தினம் கொஞ்சம் கொஞ்சமா நகத்திட்டு வாங்க, ஜனவரி 6 மூவரசர் திருநாளுக்கு தான் குடிலுக்கு வந்து சேரணும். இந்த ஒரு விளையாட்டுக்கே ரெண்டு வாரம் ஓடிடும், பைசா செலவில்ல.

ரெண்டுகுட்டி_அம்மா எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, படிக்க படிக்க கண்ணு கலங்கிடுச்சு. மாமா அந்த புறா விஷயம் நான் எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், இப்படி யோசிச்சதே இல்ல. அக்கா உங்க நோட்டு கதைய என் வீட்டுக்காரர் கிட்டயும் படிச்சு காமிச்சேன், இந்த சனிக்கிழமை பிள்ளைங்க கிட்ட பேசலாம்னு சொல்லியிருக்கார்.

கிப்ட் விஷயமும் கேக்கும் தான் இன்னும் தெளிவாகல. மொத்தம் 8 பேர், யாருக்கு குடுத்து யார விடறது? சின்னவன் சைக்கிள் வேற. கேக் நான் வீட்டுல செஞ்சதே இல்ல, ஓவன் கிடையாது எங்க கிட்ட.

அடுப்படி_ராணி எழுதினது:

ஓவன் வேணாம் சிஸ்டர், குக்கர்லயே வரும், நான் முதல் 6 வருஷம் அதுல தான் செஞ்சேன்.

பழத்த மாசக்கணக்கா ஊற வெக்கணும்னு பயமுறுத்துவாங்க, அது ரம்ல போடறவங்க கதை. திராட்சையும் பேரிச்சம்பழமும் மட்டும் போதும், மிச்ச விலை கூடின நட்ஸ் எல்லாம் ஆசைக்கு ஒரு கைப்பிடி. பொடியா வெட்டி ஆரஞ்சு ஜூஸ்ல போட்டு பிரிட்ஜ்ல ஒரு ராத்திரி, அதிகமா போனா ரெண்டு நாள். அதுவும் மறந்துட்டீங்கன்னா சூடான கட்டங்காப்பி மாதிரி கடும் பிளாக் டீய மேல ஊத்தி ஒரு மணி நேரம் மூடி வைங்க, நல்லா உப்பி வந்துடும்.

கலருக்கும் அந்த வாசனைக்கும் காரணம் கேரமல் தான். அர கப் சக்கரைய தண்ணி இல்லாம அடி கனமான பாத்திரத்துல மிதமான தீயில வைங்க. முதல்ல ஓரம் உருகும், அப்புறம் தேன் கலர், அப்புறம் செம்பு கலர், லேசா புகை கிளம்பி கருஞ்சிவப்பா வரும்போது உடனே ஆப் பண்ணிட்டு கால் கப் சூடு தண்ணிய ஓரமா ஊத்துங்க. பொங்கி தெறிக்கும், முகத்த தள்ளி வைங்க, பிள்ளைங்க அந்த நேரம் கிச்சன்ல இருக்கவே கூடாது. சில செகண்ட் லேட்டானாலும் கசந்துடும், அந்த நேரம் போன எடுக்காதீங்க. இந்த பாகு ஆறினதும் மாவுல சேத்தா கடை கேக் கலர் வரும், எசன்ஸ் கலர் எதுவும் வாங்க வேண்டியதில்ல. ஊற வெச்ச பழத்த வடிச்சு ரெண்டு ஸ்பூன் மாவுல பிரட்டி கடைசியா சேருங்க, அடியில போய் தங்கறது குறையும்.

குக்கர்ல கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துடணும், இது ரொம்ப முக்கியம். உள்ள தண்ணி ஊத்தக்கூடாது, ஒரு ஸ்டாண்ட் வெச்சு மூடி 10 நிமிஷம் சூடு பண்ணுங்க. டின்ல பாதிக்கு கொஞ்சம் மேல வரைக்கும் தான் மாவு. உள்ள வெச்சு சிம்ல 45 நிமிஷத்துலேருந்து ஒரு மணி நேரம். முதல் 35 நிமிஷம் திறக்கவே கூடாது, திறந்தா நடுவுல அமுங்கிடும். குச்சி விட்டு பாத்து சுத்தமா வந்தா இறக்கிடுங்க. 22, 23-ம் தேதியே செஞ்சு நல்லா ஆற விட்டு இறுக்கி சுத்தி வெச்சுடுங்க, பழ கேக் ரெண்டு நாள் கழிச்சு தான் ருசி கூடும். முன்னாடியே ஒரு தடவை சின்னதா செஞ்சு பழகிக்கோங்க சிஸ்டர், எடுத்த எடுப்புல பண்டிகைக்கு செய்ய வேணாம்.

வர்றவங்க சாப்பாட்டுக்கு நாத்தனார் கிட்ட வெளிப்படையா சொல்லி ஆளுக்கு ரெண்டு ஐட்டம்னு பிரிச்சுக்கோங்க. அதுல ஒரு கௌரவக் குறைச்சலும் இல்ல. எனக்கு ஒருத்தங்க இப்படி சொன்னா நான் சந்தோஷமா ரெண்டு ஐட்டம் சேத்து செஞ்சு எடுத்துட்டு போவேன்.

மூணாவது_பையன் எழுதினது:

நான் இங்க பெரியவங்க சொன்னதுக்கு மேல ஒண்ணும் பெருசா சொல்ல வரல, ஆனா பிள்ளையா இருந்து பாத்தவன்ங்கற முறையில சொல்லணும்னு தோணுது. நாங்க 3 பசங்க, நான் கடைசி. ஒரு வருஷம் எங்க அப்பா வட்டிக்கு வாங்கி எங்களுக்கு எல்லாம் வாங்கி குடுத்தார், கேட்டத விட ஜாஸ்தியா. அந்த பொம்மை என்னன்னு கூட இப்ப எனக்கு ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கறது ஜனவரியில வீட்டு வாசல்ல வந்து நின்னு அந்த ஆள் பேசின பேச்சும் அம்மா உள்ள நின்ன நிலையும் தான். அடுத்த வருஷம் அப்பா அக்டோபர்லயே எங்கள கூப்ட்டு, தம்பி இந்த வருஷம் பெருசா எதுவும் கிடையாது, ஆனா நாம 4 ஞாயிறும் சேந்து உக்காந்து ஏதாவது செய்வோம்னு சொன்னார். கிறிஸ்துமஸுக்கு முன்னாடி திருவருகை காலம் 4 வாரம் இருக்குல்ல, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மெழுகுவத்தி கூட ஏத்தி வெச்சு, முதல் வாரம் ஒண்ணு, ரெண்டாவது வாரம் ரெண்டு, கரண்ட் லைட்ட ஆப் பண்ணிட்டு, அந்த வெளிச்சத்துல அப்பா அவர் சின்ன வயசு கதை சொல்லுவார். அவர் அவ்ளோ பேசி நாங்க அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல. எனக்கு இப்ப 34 வயசு, அப்பா போயி 5 வருஷம் ஆச்சு, அந்த 4 ஞாயிறும் அப்படியே கண்ணுல நிக்குது.

கிப்டுக்கு சீட்டு குலுக்கி போடுங்க. 8 பேர் ஒருத்தருக்கொருத்தர் குடுத்தா 56 கிப்ட் வேணும், சீட்டு போட்டா 8 போதும், ஆளுக்கு ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கறது. இவ்ளோக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு லிமிட் வெச்சு இப்பவே நாத்தனார் வீட்டுக்கும் சொல்லிடுங்க, அவங்களும் நிம்மதியா மூச்சு விடுவாங்க, நிறைய வீட்டுல ரெண்டு பக்கமும் கஷ்டப்பட்டுட்டு வெளிய காட்டிக்காம வாங்குவாங்க. உங்க ரெண்டு பசங்களுக்கு மட்டும் தனியா நேரத்த கிப்டா குடுங்க, அட்டையில அழகா எழுதி கட்டா கட்டி. ஆனா சும்மா அன்புன்னு எல்லாம் எழுதாதீங்க, தெளிவா எழுதணும், ஒரு சனிக்கிழமை முழுக்க அப்பா போன தொட மாட்டார், ஒரு நாள் ராத்திரி 10 மணி வரைக்கும் முழிச்சிருக்கலாம், ஒரு நாள் சமையல் என்னன்னு நீ தான் சொல்லணும், இப்படி. எழுதினத காப்பாத்துங்க, ஒண்ணு தவறினாலும் மீதிய நம்ப மாட்டாங்க.

சைக்கிளுக்கு, புதுசு தான் வேணும்னு 6 வயசு பையன் சொல்லல, ப்ளூ வேணும்னு தான் சொல்லியிருக்கான். 6 வயசு சைக்கிள் ரெண்டு வருஷத்துக்கு மேல எந்த பிள்ளைக்கும் பத்தாது, அதனால எத்தனையோ வீட்டுல சும்மா கிடக்கும். வாங்கும்போது ப்ரேம்ல வெல்டிங் பக்கம் விரிசல் இருக்கான்னு பாருங்க, இருந்தா வேணாம். டயர், ட்யூப், ப்ரேக் ரப்பர் இதெல்லாம் மாத்திக்கலாம், செயின மண்ணெண்ணெய்ல கழுவி ஆயில் விட்டா புதுசு மாதிரி ஓடும். துருவ உப்புத்தாள் போட்டு நல்லா தேய்ச்சுட்டு ப்ரைமர் ஒரு கோட், அப்புறம் ப்ளூ ரெண்டு கோட். கிடைக்கலன்னாலும் பயப்படாதீங்க, இந்த தடவை இல்லடா, உன் பிறந்தநாளுக்குள்ள அப்பா பாக்கறேன்னு நேரா சொல்லிடுங்க. சொன்னா சொன்ன மாதிரி செஞ்சுடணும், அவ்ளோ தான்.

கடைசிபெஞ்ச்_அக்கா எழுதினது:

தம்பி, அப்பாவ பத்தி எழுதினது மனச என்னமோ பண்ணிடுச்சு. நல்லா இரு.

அம்மா நான் ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், இந்த வருஷம் 25 முடிஞ்சதும் எதையும் தூக்கி போடாதீங்க. ரிப்பன், கிப்ட் பேப்பர், சரம் எல்லாத்தையும் ஒரே பெட்டியில போட்டு மேல எழுதி வைங்க. சரத்த அட்டையில சுத்தி வெச்சா சிக்காது. பண்டிகை முடிஞ்ச வாரம் கடைங்கள்ல அலங்கார சாமான் விலைய குறைச்சு தள்ளுவாங்க, அப்ப ஒண்ணு ரெண்டு வாங்கி அதே பெட்டியில போட்டா அடுத்த வருஷத்துக்கு ஆச்சு. ஜனவரியிலேருந்து மாசா மாசம் சின்னதா ஒரு தொகை தனி டப்பாவுல போட ஆரம்பிங்க, 11 மாசத்துல என்ன சேருதோ அது தான் அடுத்த கிறிஸ்துமஸ்.

ரெண்டுகுட்டி_அம்மா எழுதினது:

டிசம்பர் 21 இன்னிக்கு. உங்க எல்லாருக்கும் என்ன ஆச்சுன்னு சொல்லணும்னு தான் வந்தேன், ரெண்டு வாரமா உக்காரவே நேரமில்ல.

பிள்ளைங்க கிட்ட பேசினோம். பேப்பர்ல எழுதி தான் காமிச்சோம். சின்னவன் நம்பர பாத்துட்டு இது பெரிய நம்பரா சின்ன நம்பரான்னு கேட்டான், நடுவுலன்னு அவங்க அப்பா சொன்னார். பெரியவ ஒண்ணும் பேசல, எழுந்து போய் அவ உண்டியல கொண்டு வந்து மேஜை மேல வெச்சா. அத திருப்பி குடுத்துட்டு கடைசி கவர அவ கையில குடுத்தோம் அக்கா நீங்க சொன்ன மாதிரி. மூணு நாள் யோசிச்சு மாடி வீட்டுல தனியா இருக்கற பாட்டிக்கு ஒரு சின்ன கேக்கும் கால் வலிக்கு தைலமும் வாங்கலாம்னு முடிவு பண்ணியிருக்கா. இப்ப வீட்டுல எல்லாத்துக்கும் அவ கிட்ட தான் கணக்கு, அலங்கார கவர்ல மிச்சம் இவ்ளோ தான் இருக்குன்னு என்னையே பிடிச்சு நிறுத்தறா.

நாத்தனாருக்கு போன் பண்ண ரெண்டு நாள் ஆச்சு எனக்கு, நம்பர எடுக்கறது வெக்கறதுமா இருந்தேன். பேசினதும் அவங்க முதல்ல கோவிச்சுக்கிட்டாங்க, ஆகஸ்ட்லேருந்து ஏன் சொல்லல நாங்க என்ன மூணாம் மனுஷங்களான்னு. அப்புறம் ரெண்டு பேரும் அழுதுட்டோம். சீட்டு போட்டாச்சு, சாப்பாட்டுல பாதி அவங்க செஞ்சு கொண்டு வராங்க. அவங்க பெரியவன் ஓட்டின சைக்கிள் ஸ்டோர் ரூம்ல கிடக்குதாம், நான் கேக்கவே இல்ல, அவங்க வீட்டுக்கார அண்ணா அன்னிக்கு சாயந்திரமே கொண்டு வந்து கீழ் வீட்டுல வெச்சுட்டு போயிட்டார். தினம் ராத்திரி சின்னவன் தூங்கினதுக்கு அப்புறம் இவர் கீழ போய் உப்புத்தாள் போட்டு தேய்க்கறார். ப்ளூ ஒரு கோட் அடிச்சாச்சு. பின் ப்ரேக் இன்னும் சரியா பிடிக்கல, நாளைக்கு ரப்பர் மாத்தணும்.

ஸ்டார் முதல் தடவை 8 பையில வட்டம் சேரல, 9 ஆச்சு. கேக் ஒரு தடவை கசந்துடுச்சு ராணி சிஸ்டர், பாகு கருகிடுச்சு, ரெண்டாவது தடவை நல்லா வந்துது. நாளைக்கு பெருசா செய்யப் போறேன்.

மாமா, உங்க கோதுமை என் விரல விட உசரமா நிக்குது. குழந்தை இயேசுவ சின்னவன் களிமண்ல அவனே செஞ்சான், ஒரு பக்கம் கை கொஞ்சம் பெருசு. 24 வரைக்கும் தொட்டியில வெக்கக்கூடாதுன்னு சொன்னதால ஒரு தீப்பெட்டியில பஞ்சு வெச்சு அதுல படுக்க வெச்சிருக்கான். ராத்திரி தலகாணி பக்கத்துல வெச்சுட்டு, நாளைக்காம்மா, நாளைக்காம்மான்னு கேட்டுட்டே தூங்கறான். பெட்டிய முழுசா மூடினா மூச்சு முட்டும்னு பாதி திறந்தே வெச்சிருக்கான்.